பொம்மைக்கு ஒரு லயம்

என் கணவர் சிவரூபன் என்னைச் செய்து முடித்தது தைப்பொங்கலுக்கு முன்பு. உயரம் ஒரு சுண்டுவிரல். நீலச் சேலை, தோளில் கைப்பை, கையில் மடக்கிய குடை. தபாலில் வந்து இறங்கியபோது அந்தப் பொம்மை கவுன் போட்ட ஒரு வெள்ளைக்காரி. இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகிவிடும் ஒரு களி இருக்கிறது. அதை அவள்மேல் அப்பி, பல்குத்தும் குச்சியால் மடிப்பு மடிப்பாக இழுத்துச் சேலை கட்டிவிட்டார். உயிரோடு இருக்கும் மனைவி சேலைக் கொசுவத்தைப் பிடித்துவிடச் சொன்னால் மட்டும் ஆபீசுக்கு நேரமாகிவிடும்.

மூக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அவ்வளவு கூரான மூக்கு எனக்கு இருந்திருந்தால் கரும்பலகையில் எழுத வெண்கட்டி தேடியிருக்கவே மாட்டேன். "அது வெளிச்சம் விழுகிற விதம்" என்றார் இவர்.

இவர் யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாவில் நில அளவை ஆபீசில் படம் வரைகிற வேலை. நான் நானுஓயாப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஸ்டேஷனுக்கு மேலே வாடகை வீடு. இவருடைய மேசையும் சாமான்களும் போக மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.

பொம்மை முடிந்ததும் அவளுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்றார். வெறும் மேசையில் நின்றால் அது விளையாட்டுச் சாமானாம். கீழே ஒரு தரை, பின்னால் ஒரு காட்சி, எல்லாம் சேர்ந்தால்தான் அவள் ஆளாம்.

"ஆள் முக்கியமில்லை ஷிராணி, ஆள் நிக்கிற இடம்தான் கதை சொல்லும். அவ ஆர், எங்கத்தை ஆள், எல்லாம் அதைப் பாத்தால் விளங்கவேணும்" என்றார்.

நல்ல பேச்சு. இந்தப் பேச்சில் பாதியை இவர் தன் அம்மாவிடம் பேசியிருந்தால் எனக்கு இரண்டு வருட நெஞ்செரிச்சல் மிச்சம்.

என் மாமியார் கமலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு வரவில்லை. முழங்கால் நோவு என்றார்கள். மருமகள் யார் என்று கேட்டதற்கு இவர் கொடுத்த பதில், "நுவரெலியாப் பக்கம் அம்மா, டீச்சர், வேதக்காரர்." பொய்யில்லை. நுவரெலியாப் பக்கம்தான். உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அந்தத் தோட்டத்தில் ஒரு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதில் ஐந்தாவது காம்பராவில் பிறந்தவள் நான். அம்மா சுகிர்தம் கொழுந்து எடுத்தவள். அப்பா மரியரட்ணம் ஃபக்டரியில் வேலை செய்தவர். இதில் ஒரு சொல்கூட இன்னும் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஒருநாள் மாமி தொலைபேசியில், பக்கத்துக் காணியில் புல்லுச் செருக்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது, "ஆரோ தோட்டக்காட்டுச் சனம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை தூறுகிறது என்பதுபோலச் சொன்னார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. இவருடைய காது சிவந்ததைப் பார்த்தேன். வாய் திறந்ததைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த முழங்கால் திடீரென்று சுகமாகிவிட்டதாம். சித்திரை லீவுக்கு மாமி எங்கள் வீட்டுக்கு வருகிறார். நான் இவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"உங்க அம்மா, உங்க வாயி. நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க வந்து எறங்கி என் கையால சோறு திங்கிறப்ப, நான் யாருன்னு தெரிஞ்சு திங்கணும். மறைச்சி வச்ச மருமகளா இருந்துக்கிட்டு என்னால பரிமாற முடியாது."

"ஓம், சொல்லுவன்" என்றார். சொல்லிவிட்டு, டிவி வந்த பெட்டியிலிருந்து வெள்ளைத் தக்கைபோன்ற ரெஜிபோமை எடுத்து அறுக்கத் தொடங்கினார்.

முதலில் செய்தது நுவரெலியா ஏரி. கரையில் கல் பதித்த நடைபாதை, ஊசியிலை மரம், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்பாத்தி, ஒரு பெஞ்சு. தண்ணீருக்குத் தெளிந்த பசையைப் படைபடையாக ஊற்றினார். நானுஓயாவில் எதுவும் இலேசில் காயாது. துவைத்த சட்டையே கொடியில் நாள்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கும். ஏரி காயாமல் பால்போல வெளுத்துக் கிடந்தது. தலைமுடி உலர்த்த நான் வாங்கிய மெஷினைக் கொண்டுவந்து ஏரிக்குச் சூடு பிடித்தார். நான் ஈரத்தலையோடு பள்ளிக்கூடம் போனேன். கடைசியில் ஏரி காய்ந்தது, நடுவில் செத்துக் கிடந்த ஒரு பூச்சியோடு. அதைப் படகு என்று சொல்லிச் சமாளித்தார்.

பொம்மையைக் கரையில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னாங்க, நான் யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறேன்? டூர் பஸ்ஸுக்கா?"

"சும்மா நிக்கிறீர். காத்து வாங்குறீர்."

"இந்தக் குளிருக்குக் காத்து வேற வாங்கணுமா?"

"வடிவாய் இருக்குதுதானே?"

"வடிவாத்தான் இருக்கு. ஆனா நான் அங்க நின்னதே இல்லைங்க."

உண்மை அதுதான். ஒருமுறை பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனோம். அன்றைக்கு மழை. பஸ் ஜன்னல் வழியாகத்தான் ஏரியைப் பார்த்தேன். இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"பொம்மைகூட எங்க பொறந்தேன்னு சொல்லக்கூடாதாங்க?" என்று கேட்டேன்.

அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் பேச்சு "கறி போடட்டுமா", "காணும், போதும்" என்ற அளவில் நின்றது. அதற்கடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஏரி குப்பைக் கூடையில் இரண்டாக உடைந்து கிடந்தது. மேசையில் புது ரெஜிபோம் துண்டு ஒன்றின்மேல் பென்சிலால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டில் பத்துக் கட்டம். ஐந்தாவது கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்து. எனக்கு அப்போதே கோபம் போய்விட்டது. உடனே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இவர் எங்கள் லயத்தை அறியாதவர் இல்லை. மாதம் ஒருதடவை வருவார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அம்மா சுடுகிற தேங்காய் ரொட்டியைக் கட்டச் சம்பலோடு தட்டு தட்டாகச் சாப்பிடுவார். அப்பாவோடு மாட்டுக்குப் புல்லறுக்கப் போய் அட்டை கடித்துக்கொண்டு திரும்புவார். யாழ்ப்பாணத்துக்கு அழைப்பு எடுக்கும்போது மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

படம் வரைகிறவர் அல்லவா, கண்ணளவு போதாது. அப்பாவுக்கு அழைப்பெடுத்து அளவு கேட்டார். காம்பராவின் அகலம் என்ன, கதவு எவ்வளவு உயரம், முன்னால் இருக்கும் இஸ்தோப்பு எத்தனை அடி. எங்கள் பக்கம் விறாந்தையை இஸ்தோப்பு என்போம். அப்பாவும் கயிறு பிடித்து அளந்து சொன்னார். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் தாயி, மாப்புள எதுக்கு லயத்த அளக்கச் சொல்றாரு? நமக்கு ஏழு பேர்ச் காணி வந்திருச்சா?"

நான் என்ன சொல்வேன். லயத்து ஆட்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் துண்டுக் காணி தருவதாக அரசாங்கம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நில அளவை ஆபீஸ் மாப்பிள்ளை அளவு கேட்டால் வேறு என்ன அர்த்தம்? அதற்குள் பத்துக் காம்பராவுக்கும் செய்தி போய்விட்டது. ஒரு வீட்டில் கிணறு எங்கே வெட்டுவது என்று புருஷன் பெண்சாதிக்குள் சண்டையும் வந்துவிட்டதாம். அது ஒரு பொம்மைக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவரிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம் தானே விளக்கம் சொன்னார். அப்பா நெடுநேரம் சிரித்தார் என்று இவர் வந்து சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் வலித்தது.

மலையைச் செதுக்கியபோது வீடு முழுக்க வெள்ளைப் பொடி பறந்தது. சோற்றிலும் இருந்தது, தலையணையிலும் இருந்தது. தேயிலைச் செடிக்குத் தோட்டத்திலிருந்து கவ்வாத்தில் வெட்டிப்போட்ட சுள்ளிகளைக் கொண்டுவந்து, சட்டி கழுவும் ஸ்பொஞ்சைப் பிய்த்துப் பச்சையில் தோய்த்து ஒட்டினார். கூரைக்கு என் சீப்பு போயிற்று. அலுமினியத் தாளை அதன் பல்மேல் வைத்து அழுத்தினால் அச்சு அசல் தகரம். துருவுக்கு மாமி அனுப்பியிருந்த மிளகாய்த்தூளைத் தூவினார். நான் தும்மித் தும்மிக் கண்ணீர்விட, "துரு எண்டால் இதுதான் துரு" என்று பெருமைப்பட்டார். சுவருக்கு விளக்குக் கரி. கோடியில் தண்ணீர்ப் பைப்பு. அப்பாவின் மாட்டுக்குக் கடையில் ஒரு பிளாஸ்டிக் மாடு வாங்கி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்து லயத்துக்குப் பக்கத்தில் கட்டினார்.

எல்லாம் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் ஐந்தாம் காம்பராவுக்கு முன்னால் ஈர்க்கில் ஒரு வேலி கட்டி வைத்திருந்தார்.

"என்னாங்க இது?"

"வேலி. இஞ்சை பாரும், இது படலை. திறந்து சாத்தலாம்."

சாமணத்தால் அந்தத் தம்மாத்துண்டுப் படலையைத் திறந்தும் காட்டினார். நான் மரக்கறிப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"சிரிக்காதையும். என்ன பிழை?"

"பைப்பு எங்க இருக்கு? இந்தக் கோடியில. ஆறாம் காம்பராவுல இருந்து அங்கிட்டு உள்ளவங்க எல்லாம் தண்ணிக்கு எப்படி வருவாங்க? நம்ம இஸ்தோப்புக்கு முன்னாலதான் வருவாங்க. நீங்க வேலிய போட்டுப் பாதி லயத்துக்குத் தண்ணி இல்லாம பண்ணிட்டீங்க. நாளைக்கி யூனியன்காரங்க வந்து நம்ம வாசல்ல நிப்பாங்க."

"அப்ப வேலி இல்லாமல் வீடோ?"

உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். எத்தனையோ தடவை அந்த வாசலில் நின்றவர். அங்கே வேலி இல்லை என்பது இவர் கண்ணில் பட்டதே இல்லை. அவர்கள் பக்கத்தில் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பு வேலி அடைப்பார்கள். இவருடைய அப்பா ஒரு முழ வேலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்காடினார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் வழக்கு நடந்தது.

"வேலி போடணும்னா மண்ணு நம்மளோடதா இருக்கணுமேங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இவர் சிரிக்கவில்லை. சாமணத்தை எடுத்து ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசியில் படலையைக் கழற்றும்போது எனக்கே பாவமாக இருந்தது. அவ்வளவு அழகாகச் செய்திருந்தார்.

பங்குனி முடிவில் வேலை முடிந்தது. என்னை எடுத்து ஐந்தாம் காம்பரா வாசலில் நிறுத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவைத் திறக்கப் போகிறவள் மாதிரி நின்றேன். அது என் வாசல்.

பிறகு மாமியின் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கரி பிடித்த சுவர், துருப்பிடித்த தகரம், அது காற்றில் பறக்காமல் மேலே ஏற்றிய பழைய டயர். எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்காகத்தானே அத்தனை நாள் இவரோடு மல்லுக்கட்டினேன், இருந்தும் வெட்கமாக இருந்தது.

"என்னாங்க, அந்த டயர மட்டும் எடுத்துருவோமா?"

"அங்க டயர் இருக்குதுதானே?"

"இருக்கு. இருந்தாலும்..."

"சுவருக்கும் கொஞ்சம் வெள்ளை அடிப்பமோ? இல்லாட்டி ஏரியைத் திருப்பிக் கொண்டுவரட்டோ, டீச்சர்?"

இதற்காக எத்தனை நாள் காத்திருந்தாரோ. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டயர் இருக்கட்டும்" என்றேன். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

சந்தோஷம் இறங்கிவிட்டது. "இதைக் காட்டினால் அவவுக்கு விளங்கும்."

"அப்ப வாயி எதுக்குங்க இருக்கு?"

ஆக, இவ்வளவு பாடும் இதற்குத்தான். தான் சொல்லவேண்டியதைச் சுண்டுவிரல் உயரப் பொம்மையைவிட்டுச் சொல்லவைக்கப் பார்க்கிறார்.

மாமி கொழும்பில் தங்கையார் வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு, ரயிலில் நானுஓயாவுக்கு வந்து இறங்கினார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடிய தொப்பி, காலில் சொக்ஸ். என்னைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றார். அதற்கு முன்பு என்னை நேரில் பார்த்ததே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் பெரிய சங்கடம்.

லயம் கண்ணாடி அலமாரிமேல் ஒரு துணிக்குக் கீழே இருந்தது. மாமி தேநீர் குடித்த பிறகு காட்டுவதாக இவர் இருந்தார். பிறகு குளித்த பிறகு. பிறகு காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார். அன்றிரவு சோற்றை இவரையே பரிமாறவிட்டேன். காலையில் நான் இடியப்பத் தட்டோடு வந்தபோது, மாமியே அலமாரிக்குக் கிட்டப் போய், துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கதவருகில் விறைத்துப்போய் நின்றார்.

மாமி கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா, யேசு பாலன் குடிலோ? நத்தார் முடிஞ்சு எவ்வளவு நாள், இன்னும் எடுக்கேல்லையே?" என்றார். "நல்லாச் செய்திருக்கிறாய் தம்பி. மாட்டுக் கொட்டில் அச்சொட்டாய் இருக்கு. மாடும் நிக்குது. நீலச் சேலையோட மாதாவும் நிக்கிறா. பாலனை மட்டும் காணேல்லை." என் பக்கம் திரும்பினார். "நான் ஒண்டும் வித்தியாசம் பாக்கமாட்டன் பிள்ளை. எல்லாச் சாமியும் ஒண்டுதான்."

சொல்லிவிட்டு, என் பொம்மையைப் பார்த்துக் கைகூப்பினார்.

வேதக்கார மருமகள் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று அந்த மனுஷி யோசித்து, தன்னைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அதனால்தான் இன்னும் வலித்தது. இவர் "ஓம் அம்மா" என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். இடியப்பம் சாப்பிடலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உடப்புசல்லாவை பஸ்ஸில் ஏறியிருப்பேன். நான் கொட்டிலில் பிறந்தவளாகிவிடுவேன், அதுவும் இவர் வாயால்.

"ஓம்..." என்றார் இவர்.

எனக்குத் தட்டு கையில் கனத்தது.

"இல்லை அம்மா" என்றார். "அது கொட்டில் இல்லை. ஷிராணி பிறந்த வீடு. தோட்டத்து லயம். அவட அம்மா கொழுந்து எடுத்தவ. அப்பா ஃபக்டரியில நிண்டவர். இவ்வளவு நாளும் நான் உங்களுக்குச் சொல்லேல்லை. எனக்குப் பயமாய் இருந்தது."

மாமியின் கூப்பிய கை மெல்ல இறங்கியது. பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

"அப்ப இது மாதா இல்லை."

"இல்லைங்க மாமி. நான்தான்" என்றேன்.

"மூக்கு பிழை" என்றார்.

அவர் மனம் இளகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இடியப்பம் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். தங்கையாருக்கு அழைப்பெடுத்து அறைக்குள்ளிருந்து மெதுவான குரலில் பேசினார். பின்னேரம்வரை வெளியே வரவில்லை. இவர் வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பொழுது சாயும் நேரம் மாமி தானாகவே அடுப்படிக்கு வந்தார்.

"நான் கொட்டில் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நீயும் பேசாமல் நிண்டனி."

"பரவாயில்லைங்க மாமி."

"பரவாயில்லையோ? எனக்கு அப்பிடி ஆரும் சொன்னால் நான் விட்டிருக்கமாட்டன்." பிறகு இவரைக் கூப்பிட்டார். "அவட தாய் தகப்பன் இருக்கினமோ?"

"இருக்கினம் அம்மா."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மணித்தியாலம் வராது."

"சம்பந்தி வீடு ரெண்டு மணித்தியாலத்தில இருக்கு. நீ எனக்குப் பசை போட்டு ஒட்டிக் காட்டுறாய். நாளைக்குக் காலமை வெளிக்கிடவேணும்" என்றார்.

வான் பிடித்துப் போனோம். மாமி வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மனதில் என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை. லயத்தில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அளவு கேட்ட மாப்பிள்ளையின் அம்மா என்றதும், காணி உறுதிப் பத்திரமே வந்து இறங்கிவிட்டது என்று பாதிப்பேருக்கு நினைப்பு. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். அம்மா மாதா கோவிலுக்குக் கட்டும் சேலையில் இருந்தாள்.

"வாங்க சம்பந்தியம்மா. தலை இடிச்சிரும், குனிஞ்சு வாங்க" என்றாள்.

மாமி குனிந்து உள்ளே போனார். மாதா படத்தையும், அடுப்பையும், சுவரில் மாட்டியிருந்த என் பட்டமளிப்புப் படத்தையும் பார்த்தார். வெளியே வந்து இஸ்தோப்பில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள்.

இந்த இடம்தான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். எங்களைக் குறைவாக நினைக்கிறவர்களும் வருவார்கள், சிரிப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள். குடிக்கக் கொடுத்தால் மட்டும் விரதம் என்பார்கள், இப்போதுதான் குடித்தோம் என்பார்கள். மாமி சாட்டுத் தேடி அலையவே வேண்டாம், சர்க்கரை வியாதிக்காரர். அது தெரிந்து அம்மா சீனியை அளவாகத்தான் போட்டிருந்தாள். நீட்டிய கிளாஸை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மாவைப் பார்க்க முடியவில்லை.

மாமி கிளாஸை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி காணாது" என்றார்.

அம்மா திகைத்துப்போய் நின்றாள். இவர் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, டொக்டர் உங்களுக்குச் சீனி..."

மாமி இவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தனிதானே? இன்னும் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிரு."

அம்மா உள்ளே ஓடிப்போய்ச் சீனிப் போத்தலைக் கொண்டுவந்தாள். மாமி தானே ஒரு கரண்டி அள்ளிப் போட்டு, கலக்கி, அடிவரை குடித்தார். வெறுங் கிளாஸை அம்மாவிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இவர் மட்டும் சொன்ன சொல் தட்டாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார்.